எஸ்எஸ்சி, பேங்க் தேர்வில் இங்கிலீஷ்தான் இடிக்குதா? தமிழ் இலக்கணமே கைகொடுக்கும்... எப்படி?

ராயபுரத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ பாரிமுனைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் கடந்து போகும் கட்டடம், ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இல்லம். துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சோதிக்கும் எக்ஸாமினர், கடத்தலைத் தடுக்கும் பிரிவென்டிவ் ஆபீசர் போன்ற பணிகளுக்கு நேரடியாக ஆள் எடுப்பது எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வு வழியாகத்தான். சுங்கத் துறையின் ஹவில்தார் வேலைக்கு எஸ்எஸ்சி எம்டிஎஸ் தேர்வு. துறைமுக வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலர் வேலைக்கு எஸ்எஸ்சி ஜிடி தேர்வு.

போஸ்டிங் எந்த ஊரில் கிடைக்கும் என்பது வேறு விஷயம். ஆனால், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பல பேருக்கு இந்த வேலைகளுக்கான தேர்வில் ஒரு இடத்தில் இடிக்கும். கணக்கு வரும், ரீசனிங் வரும், பொது அறிவும் சமாளிச்சிடலாம். இங்கிலீஷ் வந்தால் கை நின்றுவிடும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது நிஜமாகவே கடக்க முடியாத சுவரா? எந்தத் தேர்வில் எவ்வளவு இங்கிலீஷ் இருக்கு? எங்கே தப்பு விடுகிறோம்? எப்படிப் பயிற்சி எடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தத் தேர்வில் எவ்வளவு இங்கிலீஷ்?

முதலில் இதைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி பயம் போய்விடும். ஏனென்றால், எல்லாத் தேர்விலும் இங்கிலீஷ் கிடையாது.

• ரயில்வே என்டிபிசி, குரூப் டி: தனி இங்கிலீஷ் பகுதியே இல்லை. கணக்கு, ரீசனிங், பொது அறிவுதான் முக்கியம். கேள்வித்தாளைத் தமிழிலும் எழுதலாம்.

• டிஎன்பிஎஸ்சி குரூப் 4: இங்கேயும் இங்கிலீஷ் பகுதி இல்லை. 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுக்க வேண்டும்.

• எஸ்எஸ்சி ஜிடி: மொத்தம் 80 கேள்வி. அதில் 20 கேள்வி இங்கிலீஷ் அல்லது இந்தி.

• எஸ்எஸ்சி எம்டிஎஸ் மற்றும் ஹவில்தார்: இரண்டாவது செஷனில் 25 கேள்வி இங்கிலீஷ். ஒரு கேள்விக்கு 3 மார்க்.

• எஸ்எஸ்சி சிஜிஎல்: முதல் கட்டத்தில் 100 கேள்வியில் 25 இங்கிலீஷ். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்வி, 135 மார்க்.

• ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸ்: 100 கேள்வியில் 30 இங்கிலீஷ். அதற்குத் தனியாக 20 நிமிடம்.

சிஜிஎல் இரண்டாம் கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் தாளில் கணக்கு 90, ரீசனிங் 90, பொது அறிவு 75, இங்கிலீஷ் 135. தரவரிசைக்குக் கணக்கில் வரும் 390 மார்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கிலீஷ் மட்டுமே. தகுதிக்காக மட்டும் வைக்கப்படும் கம்ப்யூட்டர் பகுதி இதில் சேராது. ஆக, கணக்கில் புலியாக இருந்தாலும் இங்கிலீஷை விட்டுவிட்டு மேலே வருவது ரொம்பக் கஷ்டம்.

பேங்க் தேர்வில் இன்னொரு சிக்கல். ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக கட்-ஆஃப் தாண்ட வேண்டும். மற்ற இரண்டிலும் முழு மார்க் வாங்கினாலும், இங்கிலீஷ் கட்-ஆஃபைத் தொடவில்லை என்றால் அத்தோடு அவுட்.

கேள்வித்தாள்தான் தமிழில் வந்துடுச்சே?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. எம்டிஎஸ், சிஹெச்எஸ்எல் தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடத்துவதாக 2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. சிஆர்பிஎஃப் ஆட்சேர்ப்புத் தேர்வு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதற்குத் தமிழ்நாடு எதிர்ப்பு தெரிவித்ததைத் தொடர்ந்து, 2024 முதல் காவலர் ஜிடி தேர்வும் தமிழில் வந்தது.

ஆனால் தமிழில் வருவது கணக்கு, ரீசனிங், பொது அறிவுக் கேள்விகள்தான். இங்கிலீஷ் பகுதி இங்கிலீஷிலேயே இருக்கும். சிஜிஎல் தேர்வு இன்னமும் இந்தி, ஆங்கிலம் இரண்டில் மட்டும்தான். எனவே, ரயில்வேயோ குரூப் 4-ஓ மட்டும் குறி என்றால் இங்கிலீஷுக்காக மாதக்கணக்கில் நேரம் போட வேண்டியதில்லை. எஸ்எஸ்சி, பேங்க் என்றால் கட்டாயம் போட்டே ஆக வேண்டும்.

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் டெஸ்ட் இல்லை

‘எனக்கு இங்கிலீஷ் பேச வராது, அதனால இந்தத் தேர்வு நமக்கு ஆகாது’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தத் தேர்வில் யாரும் உங்களைப் பேசச் சொல்வதில்லை. கொடுத்த வாக்கியத்தில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

நாம் விடும் தப்புகளில் பெரும்பாலானவை கண்டபடி வருவதில்லை. மனசுக்குள் தமிழில் யோசித்து, அதை அப்படியே இங்கிலீஷில் இறக்கும்போது வருகின்றன. அதாவது, தப்புக்கு ஒரு காரணம் இருக்கு. காரணம் தெரிந்தால் தப்பையும் பிடித்துவிடலாம். அடிக்கடி வழுக்கும் ஏழு இடங்களைப் பார்ப்போம்.

1. ‘லாரிங்க நிக்குது’ - ஒருமை, பன்மை

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பேச்சில் எப்படிச் சொல்வோம்? ‘லாரிங்க நிக்குது’ என்போம். எழுதும்போதுதான் ‘லாரிகள் நிற்கின்றன’. பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே வினைமுற்று. அந்தப் பழக்கத்தில் ‘தி லாரீஸ் இஸ் வெயிட்டிங்’ என்பதைப் படிக்கும்போது காதுக்கு உறுத்தாது. ‘ஆர் வெயிட்டிங்’ என்பதுதான் சரி.

இதற்கு வழி, வாக்கியத்தை எழுத்துத் தமிழில் மாற்றிப் பார்ப்பது. ‘நிற்கின்றன’ என்று முடிந்தால் ‘ஆர்’. ‘நிற்கிறது’ என்று முடிந்தால் ‘இஸ்’.

தேர்வில் அடிக்கடி வரும் ‘ஒன் ஆஃப் தி’ கேள்விக்கும் இதே வழிதான். ‘லாரிகளில் ஒன்று வந்தது’ என்கிறோம். பெயர் பன்மை, வினை ஒருமை. இங்கிலீஷிலும் அப்படியே: ‘ஒன் ஆஃப் தி லாரீஸ் ஹேஸ் கம்’.

2. ‘எ’ போடணுமா, ‘அன்’ போடணுமா?

தமிழில் ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கா? உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன் ‘ஒரு’. இங்கிலீஷில் ‘அன்’, ‘எ’ இரண்டும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இங்கிலீஷில் எழுத்து ஒன்றாக இருக்கும், சத்தம் வேறாக இருக்கும். கணக்கில் எடுக்க வேண்டியது சத்தத்தை. இதற்கு ஒரு எளிய வழி: அந்த வார்த்தையைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதிப் பாருங்கள்.

• யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன்: ‘யூ’ உயிர்மெய். எனவே ‘எ’.
• எம்எல்ஏ, எஸ்ஐ, எக்ஸ்ரே: ‘எ’ உயிர். எனவே ‘அன்’.
• ஹானஸ்ட், ஹவர்: முதல் எழுத்து வாயில் வராது. ‘ஆனஸ்ட்’, ‘அவர்’ என்பதுதான் சத்தம். எனவே ‘அன்’.
• ஒன்-வே: உச்சரிப்பு ‘வன்-வே’. ‘வ’ உயிர்மெய். எனவே ‘எ’.

‘தி’ எங்கே வரும்? ஆறு, கடல் பெயர்களுக்கு முன் வரும். எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும், வங்காள விரிகுடாவுக்கும் ‘தி’ உண்டு. ஆனால் எண்ணூர், திருவொற்றியூர் என்ற ஊர்ப் பெயர்களுக்கு முன் வராது.

3. ‘2020லிருந்து’, ‘3 வருஷமா’

‘நான் 2020லிருந்து எண்ணூர்ல வேலை செய்யறேன்’. தமிழில் இது நிகழ்காலம். அதனால் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்று எழுதத் தோன்றும். இங்கிலீஷில் முன்பே தொடங்கி இப்போதும் நடக்கும் வேலைக்குத் தனி வடிவம் இருக்கு: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’.

அடுத்து ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பம். தமிழில் ‘லிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ‘3 வருஷமா’, ‘2 மணி நேரமா’ என்று ‘ஆ’ வந்தால் ‘ஃபார்’. இது ஒன்றை மனதில் வைத்தாலே பல கேள்விகளுக்குச் சட்டென்று விடை சொல்லிவிடலாம்.

4. வேற்றுமை உருபு செய்யும் வேலை

‘அதைப் பத்திப் பேசினோம்’ என்று தமிழில் சொல்வதால் ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபௌட்’ போடுகிறோம். ‘எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்பதில் ‘கு’ இருப்பதால் ‘ரீச்’ பக்கத்தில் ‘டு’ போடுகிறோம். இரண்டும் தப்பு. இந்த வினைகளுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

சில இடங்களில் வார்த்தை மாறும். ‘அவரைவிட சீனியர்’ என்பதால் ‘தேன்’ போடத் தோன்றும். சரி ‘சீனியர் டு’. ‘காபியைவிட டீ பிடிக்கும்’ என்பது ‘ப்ரிஃபர் டீ டு காபி’. ‘அவரோடு கல்யாணம்’ என்பதில் ‘ஓடு’ இருந்தாலும் ‘மேரீட் டு’தான்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு நாளைக்கு 5 என்று எழுதி எழுதிப் பழக வேண்டியதுதான். ‘டு’ மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாமல், ‘சீனியர் டு’ என்று சேர்த்தே படித்தால் மறக்காது.

5. ‘மழை வந்தால்...’

‘மழை வந்தால் படகு கடலுக்குப் போகாது’. இதில் ‘வந்தால்’ என்ற சொல்லில் எதிர்காலம் இல்லை. ‘போகாது’ என்பதில்தான் அந்தப் பொருள் வருகிறது. இங்கிலீஷிலும் அப்படித்தான். ‘இஃப்’ இருக்கும் பக்கம் ‘வில்’ வராது. ‘இஃப் இட் ரெயின்ஸ், தி போட் வில் நாட் கோ’. தமிழில் ‘ஆல்’ ஒட்டும் பக்கம் ‘வில்’ வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. ‘படு’ வந்தால் செயப்பாட்டு வினை

‘கன்டெய்னர் இறக்கப்பட்டது’ மாதிரியான வாக்கியங்களைச் செய்திகளில் தினமும் பார்க்கிறோம். இதையே அட்டவணையாக்கிவிடலாம்.

• இறக்கப்படுகிறது: ‘இஸ் அன்லோடட்’
• இறக்கப்பட்டது: ‘வாஸ் அன்லோடட்’
• இறக்கப்பட்டிருக்கிறது: ‘ஹேஸ் பீன் அன்லோடட்’
• இறக்கப்படும்: ‘வில் பி அன்லோடட்’

கடைசி வார்த்தை மாறவே இல்லை, கவனிச்சீங்களா? முன்னால் வருவது மட்டும்தான் காலத்துக்கு ஏற்ப மாறுகிறது.

7. ‘வர்றேன்னு சொன்னான்’

‘நாளைக்கு வர்றேன்னு சொன்னான்’. தமிழில் அவன் சொன்னதை அப்படியே வைத்து ‘ன்னு’ சேர்த்தால் போதும். இங்கிலீஷ் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது மூன்று இடம் மாறும். ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆகும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும், ‘டுமாரோ’ என்பது ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும். ஆள், காலம், நாள். இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு விடையைத் தேர்வு செய்யுங்கள்.

தெரியாத கேள்விக்கு குத்துமதிப்பா போடலாமா?

நெகட்டிவ் மார்க் தேர்வுக்குத் தேர்வு மாறும். சிஜிஎல் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2, தப்புக்கு அரை மார்க் குறையும். அதாவது 4 தப்பு போட்டால் ஒரு சரியான விடை போச்சு. இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தப்புக்கு 1 குறையும். அங்கே 3 தப்பு ஒரு சரியான விடையைத் தின்றுவிடும். எம்டிஎஸ் இங்கிலீஷ் பகுதியிலும் அதே கணக்கு. பேங்கில் சரிக்கு 1, தப்புக்கு கால் மார்க் குறையும்.

எனவே எதுவுமே தெரியாத கேள்வியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 4 விடைகளில் 2 நிச்சயம் தப்பு என்று தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வது லாபம்தான்.

ஷிப்ட் வேலை பார்த்துக்கிட்டே எப்படிப் படிக்கிறது?

மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிகளிலும் துறைமுகத்திலும் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரே மூச்சில் 4 மணி நேரம் கிடைக்காது. இலக்கணப் பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. தினமும் 1 மணி நேரத்தை மூன்றாக உடைத்தால் போதும்.

முதல் 20 நிமிடம்: ஒரே ஒரு விதி. அதை மட்டும் படித்து, 5 சொந்த வாக்கியம் எழுத வேண்டும். உங்கள் தெரு, உங்கள் வேலை பற்றியே எழுதுங்கள்.

அடுத்த 20 நிமிடம்: அந்த விதி சம்பந்தப்பட்ட பழைய தேர்வுக் கேள்விகள் 15 அல்லது 20. கடிகாரம் வைத்துப் போட வேண்டும்.

கடைசி 20 நிமிடம்: ‘தப்பு நோட்டு’. இதுதான் ரொம்ப முக்கியம். தப்பான வாக்கியம், சரியான வாக்கியம், ஏன் தப்பு விட்டோம் என்று மூன்று பகுதியாக எழுதுங்கள். ‘தமிழில் கு வந்ததால் டு போட்டுட்டேன்’ என்று உங்கள் வார்த்தையிலேயே காரணம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை புதுசாக எதுவும் வேண்டாம், அந்த நோட்டை மட்டும் புரட்டுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் வழியாக இலக்கணத்தைப் பிடிக்கலாம். ஆனால் ஒத்த சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், பத்தி படித்து விடை சொல்லும் கேள்விகளுக்கு அது போதாது. அதற்குத் தினமும் கொஞ்சம் இங்கிலீஷ் வாசித்தே ஆக வேண்டும். முதலில் தமிழில் படித்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதையே இங்கிலீஷ் நாளிதழில் படியுங்கள். விஷயம் ஏற்கனவே தெரியும் என்பதால் புது வார்த்தைகளின் அர்த்தம் தானாகப் பிடிபடும்.

காசு கட்டாமல் எங்கே படிக்கலாம்?

வடசென்னைக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய இடம், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி. இங்கே தமிழ்நாடு அரசின் போட்டித் தேர்வுகள் பயிற்சி மையம் செயல்படுகிறது. டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, ஐபிபிஎஸ், ஆர்ஆர்பி தேர்வுகளுக்கு 500 பேருக்குக் கட்டணமில்லாப் பயிற்சி. தங்குமிடமும் சாப்பாடும் கிடையாது. ஆனால் 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்டபோது கல்லூரியின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டதால், திருவொற்றியூரிலிருந்து வந்து போவது சுலபம். சேர்க்கை அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் இலவச வகுப்பு நடக்கிறது. அரசின் ‘எய்ம் டிஎன்’ யூடியூப் சேனலில் வீடியோ வகுப்புகள் இருக்கு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் பார்க்கலாம். அடிப்படையே ஆட்டம் என்றால், 6 முதல் 10-ம் வகுப்பு வரையிலான சமச்சீர் இங்கிலீஷ் புத்தகங்களின் இலக்கணப் பகுதியிலிருந்து தொடங்கலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க

ஐந்திலும் ஒரு தப்பு இருக்கு. 2 நிமிடம்தான் டைம்.

1. ‘ஒன் ஆஃப் தி கிரேன்ஸ் ஆர் அண்டர் ரிப்பேர்’
2. ‘ஹி இஸ் லிவிங் இன் ராயபுரம் ஃபார் டென் இயர்ஸ்’
3. ‘ஷி இஸ் அன் யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட்’
4. ‘தே ரீச்ட் டு எண்ணூர் அட் சிக்ஸ்’
5. ‘இஃப் தி ட்ரெயின் வில் பி லேட், ஐ வில் டேக் தி பஸ்’

விடைகள்: 1. ‘ஆர்’ இல்லை, ‘இஸ்’. 2. ‘இஸ் லிவிங்’ இல்லை, ‘ஹேஸ் பீன் லிவிங்’. 3. ‘அன்’ இல்லை, ‘எ’. 4. ‘டு’ வேண்டாம். 5. ‘வில் பி லேட்’ இல்லை, ‘இஸ் லேட்’.

எத்தனை சரி? ஒன்று தப்பானாலும் கவலை வேண்டாம். அதுதான் உங்கள் தப்பு நோட்டின் முதல் வரி. தேர்வு முறையும் மார்க் கணக்கும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை முழுசாகப் படிச்சிடுங்க.